வெர்னா டிங்லிக்குப் பதினான்கு நாள் கெடு

எங்கள் ஊர் டன்ஃபோர்டில் பள்ளிக்கூட பஸ்ஸை இருபத்தேழு வருடம் ஓட்டியவள் வெர்னா டிங்லி. மேற்கு மாசசூசெட்ஸின் மலைச் சாலைகளில் பனிக்காலத்தில் பஸ் ஓட்டுவது லேசான வேலை இல்லை. அவள் ஒரு தடவைகூட வண்டியைப் பள்ளத்தில் இறக்கியதில்லை. குட்டையான உடம்பு, கணவனின் பழைய வேட்டைக் கோட்டு, ஸ்டியரிங் எட்டுவதற்காக முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. பிள்ளைகள் ஏறும்போதே யார் வீட்டில் காலையில் சண்டை நடந்தது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். ஆனால் தன் அம்மாவைப் பெற்றவளின் பெயர் என்ன என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அறுபது வயது வரை அதை யாரும் கேட்கவும் இல்லை.

கேட்டது அவள் நாத்தனார் பெரில்.

பெரில் பாஸ்டனிலிருக்கும் காலனிக் கால அன்னையர் சங்கத்தில் உறுப்பினர். அமெரிக்கா என்று ஒரு நாடு உண்டாவதற்கு முன்பே இங்கே வந்து குடியேறிய ஏதாவது ஒரு பெண்ணின் நேர் வாரிசு என்று காகிதம் காட்டினால்தான் அதில் சேர முடியும். சேர்ந்தால் நீல ரிப்பனில் தொங்கும் ஒரு தங்க முலாம் வில்லை கொடுப்பார்கள். பெரில் அதைத் தேவாலயத்துக்கும் அணிவாள், பல் டாக்டரிடம் போகும்போதும் அணிவாள், கோழிக்கூண்டைக் கழுவும்போதும் அணிந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

1973 அக்டோபரில் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் அவரை விருந்து நடந்தது. வெல்லப்பாகு ஊற்றிச் சுட்ட அவரை, பன்றித் தொடை, பழுப்பு ரொட்டி. பெரில் வழக்கம்போலத் தன் முன்னோர் வந்த கப்பலைப் பற்றி ஆரம்பித்தாள். அந்தக் கப்பலில் எத்தனை பேருக்கு வாந்தி என்பது வரை எங்களுக்கு அத்துப்படி. வெர்னா பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அது பெரிலுக்குப் பிடிக்கவில்லை.

“எங்க ஆளுங்க கப்பல்ல வந்தாங்க. வெர்னா, உங்க ஆளுங்க எதுல வந்தாங்கம்மா? பஸ்லயா?”

கூடமே சிரித்தது. பாதிரியார்கூட ரொட்டியால் வாயை மூடிக்கொண்டார். வெர்னாவின் கணவன் எல்வுட், பெரிலின் சொந்த அண்ணன், காது சரியாகக் கேட்காதவன், எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்துவைத்தான்.

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வெர்னா நேராக நூலகத்துக்கு வந்தாள். நூலகம் என்றால் ஒரே அறை, ஒரு அடுப்பு, நான். பஸ்ஸை வாசலில் நிறுத்தினால் ஜன்னல் வெளிச்சம் முழுக்கப் போய்விடும். விளக்கைப் போட்டேன்.

“டோர்கஸ், எனக்கு ஒரு அன்னை வேணும்” என்றாள்.

“எந்த அன்னை?”

“காலனிக் கால அன்னை. நல்லதா ஒண்ணு. பெரிலோடதைவிடப் பழசா.”

அன்று தொடங்கியது. வெர்னாவுக்குப் பரம்பரை மரம் வரைவது எப்படி என்று தெரியாது. தனக்குத் தெரிந்த முறையில் செய்தாள். பஸ் போகும் வழியும் நிறுத்தங்களும் குறித்த தடத்தாளின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு தலைமுறையையும் ஒரு நிறுத்தமாகக் குறித்தாள். ஒரு நிறுத்தத்தில் யார் யார் ஏறினார்கள் என்று எழுதாமல் அடுத்ததற்கு நகர மாட்டாள். அதனால் அம்மாவின் வழியை மட்டும் தேடப் போனவள், ஒவ்வொரு தலைமுறையிலும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள் என்று எல்லாரையும் எழுதிவிட்டாள். “ஒருத்தரை விட்டுட்டு வண்டிய எடுத்தா அப்புறம் அந்த வீட்டு அம்மாகிட்ட யாரு பேச்சு வாங்குறது?” என்பாள். அந்தப் பழக்கம் எங்கள் எல்லாரையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

நவம்பரில் அவள் கல்லறைகளுக்குப் போக ஆரம்பித்தாள். எழுத்துத் தேய்ந்த கற்களில் கோதுமை மாவைத் தேய்த்தால் எழுத்து தெரியும். மாலைத் தடத்தில் மூன்று கல்லறைத் தோட்டங்கள் இருந்தன. பிள்ளைகள் வீடு வந்து சேர நாற்பது நிமிடம் தாமதமானது. அவர்கள் கை முழுக்க மாவு. ஒரு தாய் தலைமை ஆசிரியரிடம் போய், “என் மக கல்லறைக் கல்லுல இருக்கற மாதிரி ‘இதன் கீழே உறங்குகிறாள்’னு சொல்லிட்டுத்தான் தினம் ராத்திரி படுக்கப் போறா” என்று புகார் சொன்னாள். வெர்னாவைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அதன்பிறகு பிள்ளைகளை இறக்கிவிட்டுத்தான் போனாள். பஸ்ஸோடுதான்.

ஜனவரி கடைசியில் கோட்டின் கடைசி நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தாள். ஏழு தலைமுறைக்கு மேலே, சப்மிட் ரட் என்று ஒரு பெண். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் பெண் குழந்தைகளுக்கு நற்குணங்களைப் பெயராக வைப்பார்கள். சப்மிட் என்றால் அடங்கி நட என்று பொருள். 1738இல் கணவனை இழந்தவளாக, மூன்று பிள்ளைகளோடு, ஒரு வாத்தோடு டன்ஃபோர்டுக்கு வந்தாள். இவ்வளவும் ஒரு பழைய ஞானஸ்நானப் பதிவில் இருந்தது. வாத்து உட்பட.

பெரிலின் அன்னையைவிட இவள் பழையவள் இல்லைதான். ஆனாலும் அன்னை அன்னைதான். சங்கத்தின் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி மட்டும் மீதி இருந்தது: முன்னோர் அந்த ஊரின் முறையான குடிவாசி என்பதற்கு ஆதாரம். அதற்கு ஊர் எழுத்தரிடம்தான் போக வேண்டும். வெர்னா என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டாள்.

எங்கள் ஊர் எழுத்தர் ஆர்வில் பின்னி. வெர்னாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். சின்ன ஊர் என்பதால் அவனே எழுத்தர், அவனே ஊர்க் காவலர், அவனே நாய் உரிமம் கொடுப்பவன். விதி என்றால் அவனுக்கு உயிர். ஒருமுறை தன் நாய்க்கு உரிமம் புதுப்பிக்க ஒருநாள் தவறிப்போனதற்குத் தனக்குத் தானே எச்சரிக்கைக் கடிதம் எழுதி, தபாலில் சேர்த்து, வந்ததும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

அவன் இரும்புப் பெட்டகத்திலிருந்து ஊர்ப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தைத் தூக்கிவந்தான். தோல் அட்டை, எலி கடித்த ஓரம். 1738 மார்ச் பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படித்தான்.

“இவ்வூரார் கூடித் தீர்மானித்ததாவது: விதவை சப்மிட் ரட்டும், அவள் பிள்ளைகளும், அவள் உடலின் வழி என்றென்றைக்கும் பிறக்கப்போகும் யாவரும், அவர்களுக்கு இடம் கொடுக்கும் யாவரும், பதினான்கு நாளைக்குள் இவ்வூரை விட்டு அகல வேண்டியது. காரணம்: வந்திருக்கிறாள்.”

வெர்னா அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

“வந்திருக்கிறாள்னா?” என்றாள் வெர்னா.

“வந்திருக்கான்னுதான் போட்டிருக்கு” என்றான் ஆர்வில். “அப்பல்லாம் அப்படித்தான். புதுசா யாராவது வந்தா, நாளைக்கு அவங்களுக்குக் கஷ்டம் வந்தா ஊர் சோறு போடணுமேன்னு பயந்து முன்னாடியே போகச் சொல்லிடுவாங்க.”

“போனாளா?”

ஆர்வில் அடுத்த வருடத்தைப் புரட்டினான். அதற்கடுத்த வருடத்தை. ஒவ்வொரு மார்ச்சிலும் ஊர்க் காவலர் ஜேபஸ் டட்டில் என்பவர் போய் எச்சரித்துவிட்டு வந்து ஒரு வரி எழுதியிருந்தார். அந்த மத்தியானம் முழுக்க நாங்கள் மூன்று பேரும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். சிலவற்றை நான் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

1738. எச்சரித்தேன். வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். கடைந்து முடித்துவிட்டுப் போவதாகச் சொன்னாள்.

1739. எச்சரித்தேன். பாதை சேறாக இருக்கிறது என்றாள். இருந்தது.

1740. எச்சரித்தேன். வாத்து அடைகாக்கிறது, குஞ்சு பொரித்ததும் போவதாகச் சொன்னாள். உட்கார்ந்து பார்த்தேன். பொரிக்கவில்லை.

1743. எச்சரிக்கப் போனேன். கூரை ஒழுகியது. ஊர்ப் பணியாளன் தலையில் ஒழுகுவது ஊருக்கு அவமானம் என்பதால் ஓட்டை அடைத்தேன். பிறகு எச்சரித்தேன்.

1745. எச்சரித்தேன். பூசணிப் பணியாரம் நன்றாக இருந்தது.

1746. சப்மிட் டட்டிலை எச்சரித்தேன். முன்னாள் சப்மிட் ரட். இப்போது என் மனைவி.

வெர்னா மூக்கைச் சிந்தினாள். “கட்டிக்கிட்டானா! அப்புறமும் எச்சரிச்சானா?”

“உத்தரவு அப்படியே இருக்கே” என்றான் ஆர்வில், அதில் வியக்க என்ன இருக்கிறது என்பதைப்போல.

1747. காலை உணவின்போது எச்சரித்தேன். கஞ்சியை நகர்த்தி வைத்துவிட்டாள்.

1752. அவளையும், எங்கள் இரு குழந்தைகளையும் எச்சரித்தேன். சின்னது அழுதது. இடம் கொடுப்பவன் என்ற முறையில் என்னையும் எச்சரித்துக்கொண்டேன்.

இப்படி முப்பத்தொரு முறை. கடைசியாக 1769: இவ்வருடம் எச்சரிக்கவில்லை. பிப்ரவரியில் போய்விட்டாள். அவளைப் பொறுத்தமட்டில் ஊரார் உத்தரவு நிறைவேறியது. மற்றவர்களைப் பொறுத்தமட்டில் நிலுவையில் உள்ளது.

வெர்னா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள். “எழுத்து மாறியிருக்கு பாரு, டோர்கஸ். கை நடுங்கியிருக்கு” என்றாள்.

நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்வில் மட்டும் வேறு ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நிலுவையில்” என்றான்.

*

வெர்னா அந்த முப்பத்தொரு வரிகளையும் ஆதாரமாகச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தாள். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பதிவாளர் திருமதி தாக்ஸ்டர் மணிமணியான எழுத்தில் எழுதியிருந்தார். முறையான குடிவாசி என்பதற்கு ஆதாரம் கேட்டிருந்தோம், தாங்கள் அனுப்பியிருப்பது குடிவாசி அல்ல என்பதற்கு முப்பத்தொரு ஆதாரங்கள். இத்தனை திட்டவட்டமான மறுப்பு எங்கள் சங்க வரலாற்றில் இதுவே முதல்முறை. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

வெர்னா அதைச் சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். மாட்டும்போது சிரித்தாளா அழுதாளா என்று எல்வுட்டுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதற்கிடையே ஆர்வில் தூங்கவில்லை. ஊர்ப் புத்தகத்தின் எல்லாப் பாகங்களையும் புரட்டிவிட்டான். 1738 தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவே இல்லை. மாநில வக்கீலுக்குக் கடிதம் எழுதினான். அந்த மாதிரிச் சட்டமெல்லாம் செத்து நூற்றியெழுபது வருடம் ஆகிறது, தயவுசெய்து இனி எனக்கு எழுத வேண்டாம் என்று பதில் வந்தது.

நான் அந்தக் கடிதத்தைக் காட்டிச் சொன்னேன். “அவ்வளவுதான் ஆர்வில். சட்டம் போயிருச்சு.”

“சட்டம் போயிருக்கலாம். தீர்மானம் போகலையே” என்றான். “ஊர் கூடிப் போட்ட தீர்மானத்த ஊர் கூடித்தான் எடுக்கணும். பாஸ்டன்ல இருக்கிற வக்கீலா நம்ம ஊரு?”

பிறகு வெர்னாவின் பஸ் தடத்தாள்களை இரவல் கேட்டான். அவளும் கொடுத்துவிட்டாள். அதில்தான் ஒருவரும் விடுபடாமல் எல்லாரும் இருந்தார்களே. சப்மிட்டின் ஐந்து பிள்ளைகள் வழியாக இறங்கி வந்து எண்ணிப் பார்த்தான். தீயணைப்புத் தலைவர். ஊர்ச் சபையின் மூன்று உறுப்பினர்கள். பாதிரியாரின் மனைவி, அதனால் இடம் கொடுப்பவர் என்ற முறையில் பாதிரியார். நான். எல்வுட், அவன் டட்டில் வழி. அதாவது வெர்னாவும் அவள் கணவனும் ஒரே சப்மிட்டின் வழி வந்தவர்கள். அதை எல்வுட்டின் காதில் கத்திச் சொன்னபோது, “அப்பவே நினைச்சேன், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மூக்கு” என்றான்.

எல்வுட் என்றால் பெரிலும்தான்.

கடைசியாக ஆர்வில் பின்னி. அவனுடைய அம்மாவின் பாட்டி ஒரு ரட்.

மார்ச் முதல் திங்கட்கிழமை காலையில் அவன் காவலர் தொப்பியை அணிந்துகொண்டு புறப்பட்டான். முதலில் தன் வீட்டு நிலைக்கண்ணாடி முன் நின்று உத்தரவைத் தனக்குப் படித்துக் காட்டிக்கொண்டான் என்று அவன் மனைவி சொன்னாள். பிறகு வீடு வீடாக. நான் நூலக வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது வந்தான். “டோர்கஸ், நீ பதினாலு நாளைக்குள்ள ஊரைக் காலி பண்ணணும்.”

“எங்க போறது ஆர்வில்?”

“அத உத்தரவுல சொல்லல” என்றான் வருத்தத்தோடு.

வெர்னா பஸ்ஸில் உட்கார்ந்து இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது படித்துக் காட்டியிருக்கிறான். அவள் கடைசி வரை கேட்டுவிட்டு, “ரோடு சேறா இருக்கே” என்றாளாம். ஆர்வில் அதை அப்படியே எழுதிக்கொண்டான்.

பெரில் கதவைத் திறக்கவில்லை. ஆர்வில் குனிந்து தபால் துளை வழியாகப் படித்தான். உள்ளிருந்து பெரில் கத்தினாள்:

“என்னையா போகச் சொல்ற? நான் யாருன்னு தெரியுமா? எங்க ஆளுங்க கப்பல்ல வந்தவங்கடா!”

“அது உங்க அம்மா வழி, பெரில். இது அப்பா வழி.”

“அப்பா வழிய நான் கணக்குல எடுக்கறதில்ல!”

“ஊர் எடுத்திருக்கே” என்றான் ஆர்வில் துளை வழியாக.

*

பதினான்கு நாள் முடிவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வருடாந்திர ஊர்ப் பொதுக்கூட்டம். எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் ஊர் கூடிக் கை தூக்கித்தான் முடிவு செய்வோம். அன்று கூடத்தில் இடம் இல்லை. இருநூற்றுப் பதினைந்து பேர். பதினேழாவது விஷயமாக ஆர்வில் சேர்த்திருந்தது: 1738ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ரத்து செய்யலாமா.

எல்லாரும் உட்கார்ந்ததும் ஆர்வில் எழுந்தான். “தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு விதி. ஊர்க் குடிவாசி இல்லாதவங்க ஓட்டுப் போட முடியாது. அவங்க பின்வரிசைக்குப் போகணும்.”

அது பழைய விதிதான். வெளியூர் விருந்தாளிகளுக்காக எப்போதும் பின்னால் ஒரு பெஞ்சு போட்டிருப்போம். அவன் தடத்தாளைப் பார்த்துப் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தான். படிக்கப் படிக்க ஒவ்வொருவராக எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனோம். யாரும் மறுக்கவில்லை. மறுக்கலாம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தில் எழுத்தர் சொன்னால் கேட்பது எங்களுக்குப் பழக்கம். பல் டாக்டர் நியூ ஜெர்சியிலிருந்து வந்தவர், தப்பித்தோம் என்று சிரித்தார். அவர் மாடியில் வாடகைக்கு இருந்த பள்ளி ஆசிரியை ஒரு டட்டில். அவளுக்கு இடம் கொடுப்பவர் என்ற முறையில் டாக்டரும் எழுந்தார். ஒரு பெஞ்சு போதவில்லை. சுவரோரமாக, ஜன்னல் திண்டில், கதவுக்கு வெளியே வரை நின்றோம். கடைசியில் ஆர்வில் மேசையிலிருந்து எழுந்து தன் பெயரைத் தானே படித்துவிட்டு எங்களோடு வந்து நின்றுகொண்டான்.

காலியான நாற்காலிகளுக்கு நடுவில் ஒரே ஒரு ஆள் மிச்சம். ஸ்டான்லி வோய்சிக்.

ஸ்டான் வெங்காய விவசாயி. போலந்திலிருந்து குழந்தையாக வந்தவன். ஐம்பத்திரண்டு வருடமாக ஆற்றோரத்தில் விவசாயம் செய்கிறான். ஊரில் இன்னும் அவன் குடும்பத்தைப் ‘புதுசா வந்தவங்க’ என்றுதான் சொல்வோம். எங்களில் யாரும் அவர்கள் வீட்டில் பெண் எடுத்ததில்லை, கொடுத்ததும் இல்லை. அதனால் அவன் மட்டும் சுத்தமாக இருந்தான். அவன் மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தான்.

“நான் மட்டும்தானா?”

“ஆமா ஸ்டான்” என்றான் ஆர்வில் பின்னாலிருந்து. “நீதான் இப்ப ஊரு.”

ஸ்டான் தொப்பியைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்தான். பிறகு எழுந்து மேசைக்குப் போய் விஷயப் பட்டியலை எடுத்துக்கொண்டான்.

“வரிசையாவே போவோம். முதல் விஷயம், பனி வாருற வண்டி. அது இனிமே முதல்ல எங்க ஆத்தங்கரை ரோட்டுக்கு வரணும். ஆதரிக்கிறவங்க?” கையைத் தூக்கினான். சுற்றிலும் பார்த்தான். “எதிர்க்கிறவங்க? யாருமில்ல. நிறைவேறிச்சு.”

“ஸ்டான், முன்மொழிஞ்சா வழிமொழிய ஒருத்தர் வேணும்” என்றான் ஆர்வில், அந்த நிலையிலும்.

“ஓ” என்ற ஸ்டான் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினான். கால் மணி நேரத்தில் அவன் மனைவி யாட்விகா வந்து சேர்ந்தாள். ஏப்ரனுக்கு மேல் கோட்டு, முழங்கை வரை மாவு. நடுவரிசையில் உட்கார்ந்தாள். பனி வண்டி வழிமொழியப்பட்டது. மற்றப் பதினைந்து விஷயங்களும் அரை மணி நேரத்தில் முடிந்தன. உள்ளதைச் சொல்ல வேண்டும், அவ்வளவு ஒழுங்காக நடந்த கூட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

பதினேழாவது விஷயம் வந்தது. ஸ்டான் விளக்கினான். விவாதம் நடக்கட்டும் என்பதற்காக யாட்விகா தலையசைத்து வழிமொழிந்தாள். ஸ்டான் ஆதரித்துக் கை தூக்கினான்.

“எதிர்க்கிறவங்க?”

யாட்விகா கை தூக்கினாள்.

ஒன்றுக்கு ஒன்று. சமமானால் தீர்மானம் தோற்றது என்று பொருள். ஸ்டான் போலிஷ் மொழியில் ஏதோ சொன்னான். அவள் அதைவிட நீளமாகப் பதில் சொன்னாள். அவன் கெஞ்சினான். அவள் கையை இறக்கவில்லை. அதில் ‘பெரில்’ என்ற ஒரு சொல் மட்டும் எங்களுக்குப் புரிந்தது.

“என்னவாம்?” என்றான் ஆர்வில்.

ஸ்டான் சங்கடத்தோடு பிடரியைத் தேய்த்தான். “அம்பத்தொண்ணுல தேவாலயத்துக்காக கேக்கு வித்தீங்கல்ல. இவ கசகசா கேக்கு ஒண்ணு கொண்டுவந்தா. அத பெரிலம்மா மேசைக்கு அடியில வெச்சாங்களாம். கண்ணுக்குத் தெரியாத மாதிரி.”

எல்லாரும் பெரிலைப் பார்த்தோம். அவள் கதவோரத்தில் நின்றிருந்தாள், நீல ரிப்பனோடு.

“மேசையில எடமில்ல” என்றாள் பெரில்.

“இருந்துச்சு” என்றாள் யாட்விகா. அன்று கூட்டத்தில் அவள் எங்கள் மொழியில் பேசிய முதல் சொல்.

வெர்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நடுவரிசையில் யாட்விகாவுக்குப் பக்கத்தில் குனிந்தாள். குடிவாசி இல்லாதவள் அங்கே போகக் கூடாது என்று ஆர்வில் முனகினான். யாரும் கேட்கவில்லை. யாட்விகாவின் இரண்டு பிள்ளைகளையும் பன்னிரண்டு வருடம் பஸ்ஸில் ஏற்றி இறக்கியவள் வெர்னா. இரண்டு பேரும் ஏதோ குசுகுசுத்தார்கள். யாட்விகா ஒரு தடவை சிரித்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

“பெரிலம்மா கேக்கட்டும். இந்த ஊர்ல இருந்துக்கவான்னு என்கிட்ட கேக்கட்டும். நான் கையைத் தூக்கறேன்.”

பெரிலின் முகம் செங்கல் நிறமானது. எல்வுட் அவள் விலாவில் இடித்தான். அவள் தரையைப் பார்த்து எதையோ முணுமுணுத்தாள்.

“கேக்கல” என்றாள் யாட்விகா. “ரொம்பப் பின்னாடி நிக்கறாங்க.”

“நான் இந்த ஊர்ல இருந்துக்கவா?” என்று பெரில் உரக்கக் கேட்டாள்.

“சத்தம் பத்தல” என்றான் எல்வுட், தன் காதுக்குப் பின்னால் கையை வைத்து. அவனுக்கு உண்மையாகவே கேட்கவில்லை. கூடமே இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. பெரில் மூன்றாம் முறையும் கேட்டாள். இந்த முறை தெருவரை கேட்டிருக்கும்.

“இருந்துக்கங்க” என்றாள் யாட்விகா.

மறு ஓட்டுக்கு ஸ்டான் கையைத் தூக்கப்போன நேரத்தில் வெர்னா குறுக்கிட்டாள்.

“ஸ்டான், ஒரு நிமிஷம். எல்லாருக்கும் ரத்து பண்ணு. எனக்கு மட்டும் வேணாம்.”

“என்னது?”

“என் பேர்ல அந்த உத்தரவு அப்படியே இருக்கட்டும்.”

“அப்ப இந்த ஊரு உன்னை மட்டும் வெளிய போகச் சொல்லணுமா?”

“சொல்லுங்க. வருஷா வருஷம் வந்து சொல்லுங்க. அந்தம்மாவ முப்பத்தொரு வருஷம் சொன்னாங்க, போகல. அவகிட்டருந்து எனக்கு வந்த ஒரே சொத்து அதுதான். அதையும் கை தூக்கி எடுத்துருவீங்களா?” வேட்டைக் கோட்டின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்டான் ஆர்விலைப் பார்த்தான். ஆர்வில், “திருத்தமா சேர்த்துக்கலாம், விதியில எடமிருக்கு” என்றான். அவனும் மூக்கை உறிஞ்சினான். வெர்னா டிங்லி நீங்கலாக என்ற திருத்தத்தோடு தீர்மானம் இரண்டுக்குப் பூஜ்யம் என்று நிறைவேறியது. எல்லாரும் முன்வரிசைகளுக்குத் திரும்பினோம். வெர்னா மட்டும் பின்பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, தரையைத் தொடாத கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

எல்வுட் அவளுக்கு இடம் கொடுப்பவன் ஆயிற்றே, அவன் கதி என்ன என்று ஆர்வில் பின்னர் ஒரு வாரம் யோசித்தான். கடைசியில் அவனையும் சேர்த்தே எச்சரித்துவிடுவது என்று முடிவு செய்தான். அதன்பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் போய் எச்சரித்தான். தக்காளி நாற்று விட்டிருக்கேன் என்பாள். பல்லுக் கட்ட வேண்டியிருக்கு என்பாள். ஒரு வருடம் அவனே காய்ச்சலில் கிடந்தபோது, வெர்னா கோழி சூப்போடு அவன் வீட்டுக்கு வந்து கட்டிலருகே உட்கார்ந்து எச்சரிக்கையை வாங்கிக்கொண்டு போனாள்.

சங்கத்தின் திருமதி தாக்ஸ்டரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. மறுபரிசீலனையில், தங்கள் சங்கப் பட்டியலில் உள்ள வேறெந்த அன்னையும் முப்பத்தொரு வருடம் தொடர்ந்து இன்ன இடத்தில் இருந்தாள் என்று அரசுப் பணியாளரால் உறுதி செய்யப்படவில்லை என்பது தெரியவந்ததாம். வெர்னாவைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு மதிய விருந்துக்குப் போனாள். கோழி சாலட்டாம். மற்றவர்களின் அன்னையரைப் பற்றிப் பெயரையும் தேதியையும் தவிர யாருக்கும் எதுவும் தெரியாததால், வாத்து விவகாரத்தை இரண்டு முறை சொல்ல வைத்திருக்கிறார்கள். விருந்துகள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடக்கும். அது பஸ் நேரம். அதனால் மறுபடி போகவில்லை.

கோடையில் யாட்விகா அவளிடம் வந்து, தங்கள் குடும்பத்தையும் தேடித் தர முடியுமா என்று கேட்டாள். வெர்னா புதுத் தடத்தாள் எடுத்தாள். போலந்தில் டார்னோவுக்குப் பக்கத்திலிருந்த ஒரு கிராமத்துப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினாள். பதில் வர எட்டு மாதம் ஆனது. பதினொரு பக்கம். ஸ்டான் என் நூலக அடுப்பருகே உட்கார்ந்து எங்களுக்கு மொழிபெயர்த்தான். யாட்விகாவின் ஆட்கள் முந்நூறு வருடம் ஒரே கிராமத்தில், ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். பிறந்தார்கள், ஞானஸ்நானம் பெற்றார்கள், மணந்தார்கள், இறந்தார்கள். ஒரு புகார் இல்லை, ஒரு சண்டை இல்லை.

யாட்விகா கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள்.

“ஒருத்தர்கூட ஒரு தடவைகூடப் போகச் சொல்லலையா?”

“இல்லையே” என்றான் ஸ்டான்.

அவள் முகம் வாடிவிட்டது. வெர்னா அவள் தோளைத் தட்டி, இன்னும் அப்பா வழி பாக்கி இருக்கு, விடாம தேடுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணி அடிக்கப்போகிறது, பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று நான்தான் அவளைக் கிளப்பி அனுப்பினேன்.